பேபி அக்கா கால் வைச்ச பாலைவனம்

சத்தியமாய்ச் சொல்லுறன், இது நடந்த கதை. சரி, ருசிக்கு அங்கை இங்கை கொஞ்சம் இழுத்திருக்கிறன். சரியப்பா, ரப்பர் மாதிரி இழுத்திருக்கிறன். ஆனால் பேபி அக்கா எழும்பி நிண்டது மட்டும் இழுக்காத உண்மை.

எங்கடை டோர்செட் பார்க் பில்டிங்கிலை பதினோராம் மாடி பத்மநாதன் அண்ணை. பனி வழிக்கிற லொறி ஓட்டுறவர். அவர் வழிச்ச பனியைக் குவிச்சால் இமயமலைக்கே பொறாமை வரும். அவரின்ரை மனிசி பேபி அக்காவுக்குச் சீனி வருத்தத்திலை போன வருசம் இடக்காலை எடுத்தாச்சு. அண்டையிலையிருந்து சில்லுக் கதிரைதான். பிடிச்சு நடக்கிற வோக்கர் கட்டிலடியிலை சும்மா நிக்குது. "ஒற்றைக் காலிலை நிக்க நான் என்ன கொக்கே?" எண்டு கேப்பா.

அண்ணையின்ரை தங்கச்சி யோகமலர் இருக்கிறது மெல்போர்ன். போய் வாங்கோ எண்டு அக்காதான் கலைச்சவ. வெளிக்கிடேக்கை நக்கலாய் ஒண்டு சொன்னவ: "அந்தப் பக்கத்துப் பாலைவன மண் ஒரு பிடி கொண்டு வாங்கோ. அதிலை எழும்பி நிக்கிறன்."

அண்ணை அதை அப்பிடியே பிடிச்சுக்கொண்டார்.

யோகமலர் அவரை மங்கோ தேசியப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனா. ஏரி வத்தி, மண் கோட்டை கோட்டையாய் நிக்கிற இடம். வெயிலெண்டால், அண்ணையின்ரை நிழலே காருக்குக் கீழை ஒளிச்சிட்டுதாம். அங்கை இருவதாயிரம் வருசத்துக்கு முந்தின ஆக்களின்ரை காலடித் தடம். கண்ட உடனை அண்ணை கோயில் மாதிரிச் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, சூட்டிலை துள்ளுறார்.

வழி காட்டினது அந்த மண்ணின்ரை ஆதிக்குடி மனிசி. சிரிச்சுப்போட்டு, "இது கொப்பி ஐயா, அசலைப் பாத்துச் செய்தது. அசலை மண் போட்டு மூடிப் பாதுகாக்கிறம்" எண்டாவாம். பிறகு சொன்னா, அந்தத் தடங்களிலை ஒண்டு ஒற்றைக் கால்காரன்ரை எண்டு. தடம் பாக்கத் தெரிஞ்ச ஆதிக்குடி ஆக்கள்தான் கண்டு சொன்னவையாம். தடி ஊண்டின அடையாளமும் இல்லையாம். கெந்திக் கெந்தியே போயிருக்கிறான்.

அண்ணை நிலத்திலை குந்தினார். ஒரு பிடி மண் எடுக்கலாமோ எண்டு மெல்லக் கேட்டார்.

"இந்த மண்ணிலை எங்கடை ஆக்கள் படுத்திருக்கினம். ஒரு பொட்டும் வெளியிலை போகாது."

அண்ணை சப்பாத்தையும் தட்டிப்போட்டுத்தான் காரிலை ஏறினவர்.

வெறுங்கையோடை வீட்டை வந்து, வறுத்த சிவப்பரிசி மாவைக் குசினி நிலத்திலை கொட்டிப் பரவினார். நாலு கிலோ. நாப்பது எண்டு சொல்லத்தான் எனக்கு விருப்பம்.

"என்னப்பா, விசரே? உது புட்டு மாவெல்லே!"

"கொப்பி, பேபி. அங்கையும் கொப்பிதான் காட்டினவை." ஒற்றைக் கால்காரன்ரை கதையைச் சொன்னார்.

அக்கா சில்லுக் கதிரையை மாவுக்குக் கிட்ட உருட்டினா.

"தடியும் இல்லாமலோ?"

"தடியும் இல்லாமல்."

"என்னை விழ விடமாட்டியள்தானே?"

ஒரு கையிலை வோக்கர், மற்றக் கையிலை அண்ணையின்ரை தோள். எழும்பினா. மாவிலை ஐஞ்சு விரலும் அச்சொட்டாய்ப் பதிஞ்சுது. அண்ணை அழுத அழுகையிலை பத்தாம் மாடிக்கு ஒழுகிச்சுது. அரை மணித்தியாலம் நிண்டா.

இதை நான் வெக்ஸ்போர்ட் சலூனிலை சொல்லேக்கை, எங்கடை பில்டிங் தட்சிணாமூர்த்தி பாதி முடி வெட்டின தலையோடை எழும்பினான்.

"அரை நிமிசமடா! அண்ணையே எனக்குச் சொன்னவர்."

"அரை நிமிசமோ? மனிசி இப்ப லிப்ட் வரைக்கும் வருது!" நானும் விடேல்லை. சலூன்காரன் மாக்கஸ் எங்களை அடக்கக் கத்திரிக்கோலை உயர்த்தினான்.

"அதை விடு," எண்டான் தட்சிணாமூர்த்தி. "அந்த மா எங்கை? அடுத்த நாள் அண்ணை எங்களுக்குத் தந்தது என்ன புட்டு?"

"மூண்டு தரம் வாங்கித் திண்டுபோட்டு அக்காவின்ரை காலைக் குறை சொல்லுறியோ? வாடா வெளியிலை!"