கிளட்ச்சின் மேல் அம்மாவின் கால்

எங்கள் கார் திருபுவனையில் நின்றது, தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறி சாலை முழுக்க பைக்குகள் வழிகிற நேரத்தில். ஓட்டிக்கொண்டிருந்தது அம்மா. வாங்கி ஓர் ஆண்டுகூட ஆகாத வண்டி. திருவாண்டார்கோயில் பக்கத்தில் அம்மா பாடம் நடத்தும் அரசுத் தொடக்கப்பள்ளியில் அன்று ஆண்டு விழா. ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ள நானும் போயிருந்தேன். நாள் முழுக்க பள்ளி மைதானத்து வெயிலில் வெந்துகொண்டிருந்த வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். நாலாவது கியரில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, இருமல் வந்தது போல் இரண்டு முறை குலுங்கியது, அவ்வளவுதான். எஞ்சின் அணைந்தது. ஸ்டியரிங் இறுகிப்போனது. பின்னால் கம்பி ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

நான்தான் கத்தினேன், அம்மா கத்தவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இழுத்து, வண்டிக்கு மிச்சமிருந்த ஓட்டத்திலேயே அதை மண்ணில் இறக்கினாள். லாரி எங்களை ஒட்டிக்கொண்டு போனது. ஓட்டுநர் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போன வாக்கியத்தை இங்கே எழுத முடியாது. அதில் ‘பொம்பள’ என்ற சொல் இருந்தது என்பதை மட்டும் சொல்லலாம். கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல வண்டி ஸ்டார்ட் ஆனது.

நாங்கள் பாகூர் பக்கம். அங்கிருந்து அம்மாவின் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வில்லியனூரில் இறங்கி நின்றால் வருகிற விழுப்புரம் பஸ்ஸில் ஒரு கால் வைக்கத்தான் இடம் இருக்கும். பல வருடங்கள் அப்படிப் போய் வந்ததில் அவளுக்கு முட்டி வீங்கியது. அதற்குப் பிறகுதான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். மீசை முளைக்கிற பையன்களோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டு, முதல் தடவையிலேயே எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினாள். கார் வாங்கியது அவள் சம்பளத்தின் மேல் எடுத்த கடனில். ஆர்.சி. மட்டும் அப்பா பெயரில். ஏன் என்று நான் கேட்டபோது இருவருமே என்னை விநோதமாகப் பார்த்தார்கள். வீட்டுக்கு வருகிற காருக்கு ஆண் பெயர் இல்லாமல் எப்படி?

அப்பா கரும்பு வைக்கிறவர். டிராக்டர் ஓட்டுவார், அதனால் உலகத்தில் உள்ள எல்லா எஞ்சினும் தனக்குச் சொந்தம் என்று நினைப்பார். திருபுவனையில் நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் வண்டியைப் பார்க்கவில்லை, அம்மாவின் காலைப் பார்த்தார். சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு வாரம் போகட்டும் என்றார். அடுத்த திங்கட்கிழமை அம்மா மறுபடியும் வில்லியனூரில் பஸ்ஸுக்கு நின்றாள்.

நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. என்னிடம் லைசென்ஸ் இருந்தது, ஓட்ட வண்டிதான் கிடையாது. கார் பைத்தியம் என்று தெருவில் பெயர். அப்பாவை நச்சரித்து டவுனில் உள்ள ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுபோக வைத்தேன். அங்கே சர்வீஸ் அட்வைசர் என்று ஒருவர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் டேப் கம்ப்யூட்டர். எங்கள் மூன்று பேரில் அவர் கண்ணுக்கு அப்பா ஒருவர்தான் தெரிந்தார். வண்டி எப்படி நின்றது என்று அம்மா விவரமாகச் சொன்னாள். அவர் அதையெல்லாம் கேட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பி, “யாரு சார் ஓட்டுனது?” என்றார்.

அதோடு விசாரணை முடிந்தது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள், கோளாறு ஒன்றும் காட்டவில்லை. அட்வைசர் காலைக் குளிரில் ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்து, வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது என்றார். மேடம் கிளட்ச்சின் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறார்கள், புதிதாக ஓட்டுகிற பெண்களிடம் இது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை. அறுபதில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் எஞ்சினை கிளட்ச்சில் கால் வைத்து அணைப்பது எப்படி என்று செய்து காட்டுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். “பாப்பா நல்லா பேசுது சார்” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்குப் பெருமை வேறு. காரை நுரை போட்டுக் கழுவி, உள்ளே எலுமிச்சை வாசனை அடித்துக் கொடுத்தார்கள். ஷோரூம்காரர்களுக்கு நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரே வேலை காரைக் கழுவுவதுதான் என்ற முடிவுக்கு அன்று வந்தேன். இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

அதே மாடல் வைத்திருப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருந்தது. சேர்ந்தேன். அங்கே போனால் ஊர் ஊராக இதே புலம்பல். வெயிலில் நின்ற வண்டி, பெட்ரோல் குறைவாக இருக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கையில் அணைகிறது. ஆறவிட்டால் கிளம்புகிறது. ஷோரூமில் மட்டும் அணையவே மாட்டேன் என்கிறது. டேங்குக்குள் இருக்கிற பெட்ரோல் பம்ப்பில்தான் கோளாறு என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் படம் வரைந்தே போட்டிருந்தார். கணவன் ஓட்டி நின்றிருந்தால் ‘சென்சார் பிரச்சினை’, மனைவி ஓட்டி நின்றிருந்தால் ‘டிரைவிங் ஸ்டைல்’ என்று ஷோரூம்கள் சொல்லியிருந்தன. இந்தியா முழுக்க அட்வைசர்களுக்கு ஒரே வாத்தியார் போலிருக்கிறது.

அமெரிக்காவில் உள்ள ஒருவர் அங்கே ஒரு சட்டம் இருப்பதாக எழுதினார். ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்து சரிசெய்ய முடியாவிட்டால், கம்பெனியே காரைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமாம். நான் அதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்டாள், பள்ளிக்கூடப் பையன் சொல்லும் கதையைக் கேட்பது போல. நம் ஊரில் தனியாக அப்படி ஒரு சட்டம் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். போகலாம் என்றால், கார் யார் பெயரில் இருக்கிறதோ அவர் போகலாம். அவரோ கிளட்ச்சின் பக்கம்.

சாட்சிக்கு ஆள் தேடினேன். பக்கத்துத் தெருவில் கரும்பு லோடு ஏற்றிவிடும் ஒருவரிடம் அதே மாடல், அதே நிறம். டீக்கடையில் வைத்து அவரிடம் கேட்டேன். அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தன் வண்டி சிங்கம் என்றார். டீச்சரைக் கொஞ்ச நாள் வயல் வரப்பில் ஓட்டிப் பழகச் சொல்லும்மா என்றார். கடை முழுக்கச் சிரித்தது. நான் சைக்கிளை எடுக்கும்போது பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“உங்க வண்டி எங்கம்மா நின்னுச்சி?”

“திருபுவனையில.”

“எனக்கு ரெண்டு வாட்டி நின்னுடுச்சி. வெளிய சொல்லிடாத. இந்த மாசம் ஒருத்தன் வந்து பாக்குறேன்னிருக்கான், தள்ளிவுடணும்.”

வாங்கப் போகிறவனுக்குக் குழந்தை குட்டி இருக்காதா என்று கேட்டேன். அவரும் என்னைப் பாப்பா என்றுதான் அழைத்தார்.

இந்த ஊரில் காரைக் குறை சொல்வது, பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணுக்குக் காக்காய் வலிப்பு என்று சொல்வதற்குச் சமம். விலை போய்விடும், கௌரவம் போய்விடும். ஆகவே நெடுஞ்சாலை நடுவில் நிற்கிற வண்டியை ஓரமாகத் தள்ளிவைத்து, ஆறும் வரை போன் பேசுவது போல் பாவனை செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து ‘சிங்கம்’ என்கிறார்கள். கம்பெனிக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர்கள் எங்கே கிடைப்பார்கள்?

பிறகு விழுப்புரத்தில் ஒரு கல்யாணம் வந்தது. அப்பா ஓட்டினார், நான் முன்னால், அம்மா பின்னால் பட்டுப்புடவையில். திரும்பும்போது உச்சி வெயில். மண்டப வாசலில் முகூர்த்தம் முழுக்க வெந்த வண்டி, டேங்கில் கொஞ்சம்தான் பெட்ரோல். குழுவில் சொன்ன அத்தனை பொருத்தமும் கூடி வந்திருப்பது எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பெட்ரோல் போடச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மதகடிப்பட்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இருமியது. அப்பா கியரை மாற்றினார், மறுபடியும் மாற்றினார், வண்டியைத் திட்டினார். ஸ்டியரிங் இறுகியதும் அவர் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். எப்படியோ ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கி நிறுத்திவிட்டார். உள்ளே ஏ.சி. நின்று வெக்கை ஏறியது.

பின்னாலிருந்து அம்மா, வகுப்பில் கடைசிப் பெஞ்சுக்குச் சொல்கிற குரலில் சொன்னாள்: “கிளட்ச்சில இருந்து கால எடுங்க.”

அப்பா காலை எடுத்தார். எடுத்த பிறகுதான் எதற்காக எடுத்தோம் என்று அவருக்கு உறைத்தது. கதவைத் திறந்து இறங்கி, பானட்டைத் தூக்கி, உள்ளே குனிந்து எல்லாவற்றையும் முறைத்தார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறான் என்றார். அந்த பங்க்குக்காரன் மூஞ்சியே சரியில்லை என்று முன்பே நினைத்தாராம். அம்மா ஓட்டினால் கால், அவர் ஓட்டினால் பெட்ரோல். வண்டி ஒன்றுதான், வந்த வியாதியும் ஒன்றுதான். நான் இதைச் சொன்னபோது, “உனக்கு இன்னாடி தெரியும், நீ படிச்சது பொஸ்தகம்” என்றார். ஆறியதும் வண்டி கிளம்பி வீடு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகும் சாவி அவர் பையிலேயே இருந்தது. அம்மா பள்ளிக்கு பஸ்ஸிலேயே போனாள்.

கம்பெனியின் இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டால், கோளாறு கண்டு திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளில் நம்முடையதும் உண்டா என்று காட்டும். எங்கள் வண்டியின் எண் எனக்கு மனப்பாடம். ஒரு மழைநாள், வேலைக்கு மனுப் போட்டுச் சலித்து, சும்மா அடித்துப் பார்த்தேன். ‘ஆம், உங்கள் வாகனம் இதில் அடங்கும்’ என்று வந்தது. பெட்ரோல் பம்ப். குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளில் ஓடும்போது எஞ்சின் நின்றுபோக வாய்ப்பிருப்பதால், செலவில்லாமல் மாற்றித் தரப்படும்.

அப்பாவுக்குத் தகவல் அனுப்பியிருப்பார்களே என்று அவர் போனை வாங்கிப் பார்த்தேன். இருந்தது. நகைக்கடை ஆடித் தள்ளுபடிக்கும் நிலம் விற்பனைக்கும் நடுவில், ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் நலன் கருதி இலவச முன்னெச்சரிக்கைப் பரிசோதனை’ என்று பூ வைத்து அனுப்பியிருந்தார்கள். ஓடும்போது நின்றுபோகும் என்ற விஷயம் அதில் எங்குமே இல்லை. அப்பா அதைப் படித்திருந்தார். இலவசம் என்று கூப்பிட்டு ஆயிலை மாற்றிப் பில் போடும் தந்திரம் என்று நினைத்து விட்டுவிட்டாராம். அந்த நாட்களிலும் அவரே அந்த வண்டியில் போய் வந்துகொண்டிருந்தார், பெட்ரோல் பங்க்கை மட்டும் மாற்றிக்கொண்டு.

சனிக்கிழமை ஷோரூமுக்குப் போனோம், மூன்று பேரும். அதே அட்வைசர், அதே மடிப்பு. எங்களைப் போலவே இன்னும் சிலர் வரிசையில் காத்திருந்தார்கள். யாரும் யாரிடமும் எதற்கு வந்தோம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. மதியத்துக்குள் பம்ப்பை மாற்றி, வழக்கம் போலக் கழுவிக் கொண்டுவந்தார்கள். அட்வைசர் அப்பாவிடம் எல்லாம் ஓகே சார் என்றார். அம்மா எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள்.

“தம்பி, அன்னிக்கி என் காலாலதான் வண்டி நின்னுச்சின்னு இவர்கிட்ட சொன்னீங்க. இப்ப அப்படி இல்லன்னு சொல்லுங்க. எங்கிட்ட வேணாம், இவர்கிட்ட சொல்லுங்க.”

“இது ஜஸ்ட் முன்னெச்சரிக்கைதான் மேடம். யார் மேலயும் தப்பில்ல.”

“யார் மேலயும் தப்பில்லன்னா அப்புறம் எப்படி நின்னுச்சி?”

“அது டெக்னிக்கல் மேடம்.”

“அந்த டெக்னிக்கல் என் கால்ல இருந்துச்சா, பம்ப்புல இருந்துச்சா?”

வரிசையில் இருந்தவர்கள் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். அட்வைசர் டேப்பைப் பார்த்தார், டேப் உதவவில்லை. “பம்ப்புல சார்” என்றார் கடைசியில், அப்போதும் அப்பாவைப் பார்த்து. ஒரு வார்த்தைதான். மன்னிப்பெல்லாம் அந்தக் கட்டடத்தில் கிடைக்காது. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை. அந்த லாரி இன்னும் இரண்டு அடி இடது பக்கம் வந்திருந்தால், அந்த ‘டெக்னிக்கல்’ எங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட இரண்டு படங்களாகத் தொங்கியிருக்கும். அப்போதும் கிளட்ச் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சாவியை அட்வைசர் அப்பா கையில் கொடுத்தார். புதுப் பம்ப்பு எப்படி இழுக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று அப்பாதான் ஓட்டிக்கொண்டு வந்தார். வழி முழுக்க, பெட்ரோல் கெட்டுத்தான் பம்ப்பு போயிருக்கும், தான் சொன்னதும் சரிதான் என்று விளக்கிக்கொண்டே வந்தார். மாலை டீக்கடையில், கோளாறை மதகடிப்பட்டில் வைத்துக் கண்டுபிடித்தது தானே என்று சொல்லியிருக்கிறார். கரும்பு லோடுக்காரர் அதற்குள் தன் சிங்கத்தை யாரிடமோ விற்றிருந்தார். யாரிடம் என்று கேட்டு வைத்து, பம்ப் விஷயத்தை அந்த ஆளுக்குப் போனில் சொன்னேன். முதலில் என்னை இன்ஷூரன்ஸ் விற்கிறவள் என்று நினைத்துத் திட்டினார்.

திங்கட்கிழமை காலை அம்மா சாவி கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பையில் கையை விட்டு எடுத்துக்கொண்டாள். அப்பா கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அந்த நேரத்தில் அவர் தூங்குகிற வழக்கமே கிடையாது. வெளியே வண்டி ஸ்டார்ட் ஆகி, கேட்டைத் தாண்டி, தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டது. அது அடங்கும் வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.