பதில் சலாம் சொன்ன பாத்தி

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. குங்கிராட் சந்தையில் எனக்குப் பக்கத்துக் கடைக்காரி பெரிசாத். இதைச் சொன்ன அன்று அவள் கிண்ணத்துத் தேநீரில் பாதியை மடியில் சிந்திக்கொண்டாள். பொய் சொல்லி ஒரு கட்டு சரக்கைக்கூட விற்கத் தெரியாதவள். அவள் போய் என்னிடம் எதைப் புளுகப் போகிறாள்?

அவள் விற்பது அதிராஸ்பான். கண்ணேறு கழிக்க, குளிர்காலத்தில் வீடு முழுக்கப் புகை போட, எங்கள் பக்கம் இந்தச் செடி இல்லாமல் ஆகாது. மற்றவர்கள் பொட்டல் வெளிக்குப் போய் வெட்டி வருவார்கள். இவள் வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டியே வளர்த்தாள். உப்பு மண்ணிலும் வரும். முளைக்கும் வரை கொஞ்சம் ஈரம் போதும். அப்புறம் தண்ணீரைக் கண்ணில் காட்டக் கூடாது, வேர் அழுகிவிடும். வெட்ட வெட்ட அடுத்த வசந்தத்தில் துளிர்க்கும். வெள்ளைப் பூ உதிர்ந்ததும் உருண்டைக் காய், அதற்குள் பழுப்பு விதை. விதை அத்தனையும் விஷம், ஆடுகூட வாய் வைக்காது. வெட்டி முடித்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பெரிசாத் தன் மகளைத் தொடமாட்டாள்.

வெட்டுவதற்கு முன் செடிக்குச் சலாம் சொல்வது எங்கள் வழக்கம். "அஸ்ஸலாமு அலைக்கும், அதிராஸ்பான். மருந்துக்கு வந்திருக்கேன், கொஞ்சம் குடு" என்று கேட்டு, ஒரு நூலையாவது அதற்குக் கட்டிவிட்டுத்தான் அரிவாளை எடுப்போம். பெரிசாத் சிவப்புக் கம்பளி நூல் கட்டுவாள்.

பக்கத்துக் கிராமத்தில் வாங்கிக் குடியேறிய அந்த வீட்டில் இரண்டே பெண்கள். பெரிசாத்தும் அவள் ஓரகத்தி பீபிசாராவும். புருஷன்மார் இருவரும் கஜகஸ்தானில் கட்டட வேலை. பீபிசாராவுக்குப் பிள்ளை இல்லை. பெரிசாத்துக்கு ஒரே மகள், நான்கு வயது அயிம்குல். பிள்ளை இல்லாத மூத்தவள் இளையவளிடம் பிள்ளை கேட்பதும், இவள் கொடுப்பதும் எங்களிடம் சகஜம். பீபிசாராவும் கேட்டாள்.

"நீ சின்னவ. இன்னும் நாலு பெத்துக்குவ. இவள எனக்குக் குடுத்துடேண்டி."

"பிள்ளை என்ன முலாம்பழமாக்கா? நல்லதா ஒண்ணு பாத்து உனக்குக் குடுக்க?"

பீபிசாரா சிரித்தாள். ஆனால் விடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது பேச்சை எடுத்தாள். மாமியார் வீட்டுச் சொந்தங்களும் அவள் பக்கம். பெரிசாத்துக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் பாத்தி ஓரத்தில் நூல் கட்டும்போது மனதில் இருந்ததெல்லாம் வாயில் வந்துவிட்டது.

"மருந்து வேணாம். என் பிள்ளைய யாருக்கும் குடுக்கும்படி ஆயிடக் கூடாது. அத மட்டும் பாத்துக்கோ."

செடியிடம் மருந்து கேட்கலாம். வேறெதுவும் கேட்கக் கூடாது. எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கோபத்தில் இவளுக்கு மறந்துவிட்டது.

மறுநாள் காலை அயிம்குல் மணிக்கட்டில் அந்தச் சிவப்பு நூல் இருந்தது.

"யாருடி கட்டினா?"

"வெள்ளை முக்காடு போட்டவங்க."

அந்த வீட்டில் வெள்ளை முக்காடு போடுகிறவள் பீபிசாரா ஒருத்திதான். பெரிசாத்துக்குப் பற்றிக்கொண்டது. நூல் கட்டிப் பிள்ளையை வசியம் பண்ணுகிறாளா இவள்? நேரே சமையலறைக்குப் போய்க் கேட்டாள்.

"என் பிள்ளை கையில நூலக் கட்டினது நீதானேக்கா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு. உன் விஷப் பாத்திப் பக்கமே நான் வர்றதில்ல."

சொல்லும்போது பீபிசாரா கண்ணைப் பார்க்கவில்லை. அது போதாதா, சந்தேகம் வேர்விட?

அடுத்து ஈரம். பாத்தியின் கடைசி மூலையில் ஒரே ஒரு செடியைச் சுற்றி மண் சொதசொதவென்று கிடந்தது. வாய்க்கால் வறண்டு மாதக்கணக்காகிறது. குடிக்கிற தண்ணீரே லாரியில் வந்து பீப்பாயில் நிற்கிறது. வேரை அழுக வைத்துத் தன் பிழைப்பை பீபிசாரா கெடுக்கப் பார்க்கிறாள் என்று பெரிசாத் முடிவே கட்டிவிட்டாள். பீப்பாயில் தண்ணீர் மட்டத்தில் கரிக்கோடு போட்டு வைத்தாள்.

காலையில் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. மூலையில் மட்டும் புது ஈரம். சுற்றிலும் எல்லாச் செடியும் காய் முற்றிக் காய்ந்து நிற்க, அந்த ஒன்று மட்டும் பூத்திருந்தது. அது அழுகவும் இல்லை. பெரிசாத் அதை வெட்டாமல் விட்டுவிட்டு வந்தாள்.

அன்றே அயிம்குல்லின் பொத்திய கையைப் பிரித்தால்... விதை.

"யாரு குடுத்தா?"

"அவங்கதான். இனிப்பா இருக்கும்னாங்க."

பெரிசாத் மகளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். வெளியே பீபிசாரா கதவைத் தட்டினாள்.

"கதவத் திறடி. பிள்ளை இன்னும் சாப்பிடல."

"உன் கையால எதுவும் வேணாம். எம் பிள்ளையக் கொன்னுட்டுத்தான் உனக்கு ஆறுமா?"

பீபிசாரா அழுதுகொண்டே போவது கேட்டது. நடிப்பு என்றுதான் பெரிசாத் நினைத்தாள்.

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் உச்சி வெயில். அயிம்குல் தூங்கிவிட்டாள். நாளை சந்தை. பெரிசாத் அறையை வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பாத்திக்குப் போனாள். காற்று இல்லை. குருவிச் சத்தம்கூட இல்லை.

அவள் குனிந்தாள். நூலை எடுத்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், அதிராஸ்பான்..."

"வ அலைக்கும் அஸ்ஸலாம்."

பெண் குரல். தெளிவான குரல். வெகு பக்கத்தில்... தரை மட்டத்திலிருந்து.

"யாருக்கா அது? விளையாடாத!"

காய்ந்த காய்கள் மட்டும் சலசலத்தன. காற்றே இல்லை. மூலையிலிருந்து அவளை நோக்கி ஒவ்வொரு செடியாக... சலசல... சலசல...

பெரிசாத் ஓடினாள். சமையலறைக்குள் பாய்ந்தாள்.

பீபிசாரா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முழங்கை வரை மாவு.

"என்னடி? ஏன் இப்படி வெளுத்துப்போய் நிக்கற?"

"நீ... இங்கதான் இருந்தியா?"

"வேற எங்க போவேன்? பிள்ளை எங்க?"

பிள்ளை!

பூட்டு அப்படியே தொங்கியது. சாவி இடுப்பில். திறந்தார்கள்.

மெத்தை காலி.

"அயிம்குல்!"

பாத்திக்கு ஓடினால், மூலைச் செடியின் அடியில் உட்கார்ந்திருந்தாள். ஈர மண்ணில். வாய் நிறைய விதை. மென்றுகொண்டிருந்தாள். யாரோ மடியில் வைத்திருப்பதுபோல முதுகைச் சாய்த்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

பீபிசாராதான் பாய்ந்தாள். மாவுக் கையை அப்படியே பிள்ளை வாய்க்குள் விட்டுத் தோண்டி எடுத்தாள். தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். செருப்புக்கூட இல்லை. பழுக்கக் காய்ந்த மண்.

ஆம்புலன்சில் பிள்ளைக்கு உடம்பு உதறியது. கண்மணி விரிந்து கறுப்பாகக் கிடந்தது. பீபிசாரா அதன் காலைப் பிடித்துக்கொண்டு, "என்னை எடுத்துக்கோ, என்னை எடுத்துக்கோ" என்று முனகினாள். அதைக் கேட்டு, இவளையா சந்தேகப்பட்டோம் என்று பெரிசாத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பிள்ளை பிழைத்தது. விடிகிற நேரத்தில் தண்ணீர் கேட்டது.

ஆம்புலன்ஸ் ஓட்டிய தோரேபாய் அந்த ஊர்க்காரர். மருத்துவமனை வாசலில் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க வெளியூரிலிருந்து வந்து வீட்ட வாங்கினவங்கதானே? யாரும் சொல்லலியா?"

"என்ன சொல்லணும்?"

"முன்னால அங்க ஷரிபான்னு ஒரு மருமக. அவ பொண்ண மூத்த ஓரகத்தி கேட்டிருக்கா. வீட்டுல எல்லாரும் குடுத்துடுன்னு நெருக்கியிருக்காங்க. மறுநாள் வந்து கூட்டிட்டுப் போறதா பேச்சு. முந்தின நாள் மத்தியானமே அவ பிள்ளைக்கு அதிராஸ்பான் விதையை ஊட்டிவிட்டு, தானும் தின்னுட்டா. கொல்லை மூலையில கிடந்தாங்க. நான்தான் தூக்கினேன். பிள்ளை அவ மடியிலயே..."

அவர் முடிக்கவில்லை. பெரிசாத்தும் மேலே கேட்கவில்லை.

அந்த வீட்டுக்கு அவர்கள் திரும்பிப் போகவில்லை. இப்போது மூவரும் குங்கிராட்டில் ஒரே அறையில் இருக்கிறார்கள். பிள்ளை யார் பிள்ளை என்ற பேச்சே இல்லை, இருவரும்தான் வளர்க்கிறார்கள். ஆனால் ஒன்றை மட்டும் பெரிசாத் பீபிசாராவிடம் இன்றுவரை சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள். தேநீர் சிந்தியது அப்போதுதான்.

மருத்துவமனையில் தண்ணீர் குடித்ததும் அயிம்குல் அம்மாவின் காதில் சொன்னாளாம்.

"அவங்க உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்கம்மா. 'நீ கேட்டபடியே செய்றேன், யாருக்கும் குடுக்க மாட்டேன்'னு."