மணல் மூட்டை உட்கார்ந்த சீட்

ஆயுத பூஜை அன்றைக்கு நான் ஒரு மோட்டார் சைக்கிள் மேல் ஏறி உட்கார்ந்தேன். ஒரு ஃபேக்டரியே நின்று வேடிக்கை பார்த்தது. உட்கார்ந்ததோடு விட்டேனா? வாயையும் திறந்தேன்…

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். பஸ்ஸில் ‘ஸ்டாப் வந்துடுச்சு, நிறுத்துங்க’ என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி எங்கள் ஊர் மண்ணூருக்குத் திரும்பி நடக்கிற ஆள் நான். அஞ்சாவது வரைக்கும் படித்ததால் காகிதத்தில் மட்டும் வாய் நீளும்.

என் மகன் ஏழுமலை ஒரகடம் ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனியில் இருக்கிறான். ரெண்டு வருஷமாக டிரெய்னி. மருமகள் கஸ்தூரிக்கு ஏழாம் மாசம். குழந்தை பிறப்பதற்குள் வேலை பர்மனென்ட் ஆகிவிட வேண்டும் — வீட்டில் மூன்று பேருக்கும் இந்த ஒரே நினைப்புதான்.

இந்த வருஷம் அங்கே ஒரு ஸ்பெஷல் வண்டி செய்தார்கள். தூரப் பயணத்துக்கென்றே செய்தது. கன்னியாகுமரியில் கிளம்பினால் காஷ்மீர் வரைக்கும் போகலாமாம். மலை ஏறுமாம், ஓடைத் தண்ணீரில் இறங்குமாம். பெரிய டேங்க், அகலமான ஹேண்டில்பார், எதிர்க்காற்றைத் தடுக்கக் கண்ணாடி, துணிமணி வைக்கப் பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் இரும்புப் பெட்டி. கொஞ்சம் வண்டிதான் செய்வார்களாம். ஒவ்வொன்றிலும் நம்பர் பொறித்த பித்தளைத் தகடு வேறு.

அந்தப் பெட்டி இருக்கிறதே, அது ஏழுமலையின் வேலை. தகட்டை வளைத்தது, மூடியைப் பூட்டக் கொண்டி வைத்தது, எந்த இடத்தில் மாட்டுவது என்று அளந்தது எல்லாம் அவன். பெட்டி சரியாக அமைந்தால் பர்மனென்ட் ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறேன் என்று மேனேஜரே சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜைக்கு மட்டும் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். நானும் கஸ்தூரியும் கிளம்பினோம். கேட் வாசலிலேயே ஏழுமலை என்னை நிறுத்தினான்.

“யம்மா, யாரு இன்னா கேட்டாலும் நல்லாகீதுன்னு சொல்லிடு. வேற ஒண்ணும் பேசாத.”

என்னிடம் சொல்ல வேண்டிய புத்திமதியா இது?

உள்ளே மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். ஸ்பேனர், சுத்தியல், அளக்கிற டேப் வரைக்கும் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நடுவில் மாலை போட்டுக்கொண்டு அந்த ஸ்பெஷல் வண்டி. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்.

கற்பூரம் காட்டி, பொரி கொடுத்து முடிந்ததும் மேனேஜருக்கு ஒரு ஆசை வந்தது. பெட்டி செய்தவன் வீட்டுப் பெண்கள் யாராவது பின் சீட்டில் உட்காரட்டும், போட்டோ எடுக்கலாம் என்றார். நான் கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் வயிற்றைக் காட்டினாள்.

“நான் எங்க ஏறுறது அத்தே? நீங்க போங்க. கடிக்காது.”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். நான் போனேன். ஏழுமலை முன்னால் உட்கார்ந்துகொண்டான். புடவை கட்டினவள் எப்படி உட்காருவாள்? ரெண்டு காலையும் இடது பக்கம் போட்டு, ஒருக்களித்துத்தான்.

உட்கார்ந்தேன். கால் கீழே இறங்கவில்லை!

கால் தொங்க வேண்டிய இடத்தில் பெட்டி இருக்கிறது. பெட்டிக்கு மேலே ரெண்டு காலையும் நீட்டிக்கொண்டு, திருஷ்டி பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். புடவைக் கரை போய்க் கொண்டியில் மாட்டிக்கொண்டது. விழாமல் இருக்க ஏழுமலையின் சட்டைக் காலரைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து போட்டோவும் எடுத்துவிட்டார்கள்.

மேனேஜர் கிட்டே வந்தார். “எப்படிம்மா இருக்கு? இப்படியே காஷ்மீர் போயிடலாமா?”

‘நல்லாகீது’ என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. எதிரே கஸ்தூரி பொரி தின்றுகொண்டு நிற்கிறாள். நாளைக்கு இவளை மாதிரி ஒருத்தி இந்தச் சீட்டில் உட்கார்ந்து, ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தால்…?

“கால எங்க வெச்சிக்கிறதுங்க?” என்று கேட்டுவிட்டேன்.

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான்.

மலையெல்லாம் ஏற்றி ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னீர்களே என்று மேனேஜர் கேட்டார். பின் சீட்டிலும் வெயிட் வைத்துத்தான் ஓட்டினோம் என்றார் சூப்பர்வைசர்.

“பின்னால யாரு உட்கார்ந்தது?”

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். “மணல் மூட்டை சார்.”

மணல் மூட்டைக்கு ஏது கால்? ஏது புடவை? யாரோ ஒருவர் சிரிக்க, ஃபேக்டரி முழுக்கச் சிரித்தது. ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. அவன் காதெல்லாம் சிவந்துபோயிருந்தது. எனக்கு வண்டியை விட்டு இறங்கி, அப்படியே பூமிக்குள்ளும் இறங்கிவிடலாம் போல இருந்தது.

நான் இறங்கியதும் அவன் வண்டிக்குப் பக்கத்தில் குந்தினான். கை டேப்பைத் தேடியது. டேப் சாமிக்கு முன்னால் இருக்கிறது! பூஜையில் வைத்த கருவியை மறுநாள் வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள், மேனேஜர் உட்பட. என்ன செய்வான்? சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தொட்டான். சாண் வைத்து அளந்து, பெட்டி மேலே ஒரு கோடு, வண்டிச் சட்டத்தில் ஒரு கோடு போட்டான்.

“சார், லெஃப்ட் பெட்டிய சின்னதாக்கி இங்க தள்ளிடறேன். கீழ ஒரு பலகை குடுத்துட்டா கால் நிக்கும். கொண்டி பின்னால பூடும்.”

மேனேஜர் குனிந்து அந்தச் சந்தனக் கோடுகளைப் பார்த்தார். கை கழுவப் போய்விட்டார்.

மூன்று பேரும் பஸ்ஸில் திரும்பினோம். ஊர் எல்லை வந்ததும் ஏழுமலை ஆரம்பித்தான். “பக்கத்து வூட்டாண்ட ரெண்டு வார்த்த பேச மாட்ட. மேனேஜராண்டதான் பேசுவியா?”

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கஸ்தூரிதான் பதில் சொன்னாள். “அத்தே கேக்கலன்னா வண்டி வாங்கறவன் பொண்டாட்டி கேப்பா. அப்ப இன்னா பண்ணுவ?”

அவன் எழுந்து பஸ் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

நான் யோசித்துப் பார்த்தேன். பாறையை நினைத்திருக்கிறார்கள். பனியை நினைத்திருக்கிறார்கள். பள்ளம், ஓடை, எதிர்க்காற்று எதையும் விடவில்லை. பின்னால் உட்கார்ந்து வருகிறவளை மட்டும் எப்படி மறந்தார்கள்? எல்லோரும் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டே யோசித்திருக்கிறார்கள்… வேறென்ன!

ஒரு வாரம் கழித்து வாசலில் கம்பெனி ஜீப் வந்து நின்றது. அம்மாவைக் கூட்டி வரச் சொன்னார்களாம். எதற்கு என்று டிரைவருக்கும் தெரியவில்லை. நல்ல புடவையாக மாற்றிக்கொண்டு ஏறினேன்.

போனால், அதே வண்டி. இடது பெட்டி சிறுத்து, பின்னால் ஒதுங்கியிருந்தது. கீழே கால் வைக்க ஒரு பலகை, வழுக்காமல் இருக்க வரி வரியாக ரப்பர். உட்கார்ந்தேன். கால் சமர்த்தாகப் போய்ப் பலகையில் நின்றது. ஏழுமலை காம்பவுண்டை ஒரு சுற்றுச் சுற்றினான். வேகத்தடை மேல் வேண்டுமென்றே ஏற்றினான். நான் அவன் காலரைப் பிடிக்கவில்லை.

இறங்கியதும் மேனேஜர், “இப்ப எப்படிம்மா?” என்றார்.

“நல்லாகீதுங்க” என்றேன்.

“கேட்டியா ஏழுமலை? அன்னிக்குக் குறை சொன்னவங்களே சொல்றாங்க, அப்ப நிஜமாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, பாக்கெட்டிலிருந்து ஒரு கவரை எடுத்து அவனிடம் கொடுத்தார். பர்மனென்ட் ஆர்டர். அதோடு விடவில்லை. இனிமேல் எந்தப் புது வண்டி செய்தாலும் பின் சீட்டில் உட்கார்ந்து பார்க்க ஜீப் அனுப்புவார்களாம், எனக்கு!

என் மகனுக்கு வேலை நிலைத்துவிட்டது. வேலை போனது மணல் மூட்டைக்கு மட்டும்தான்.