குடத்தோடு நின்றவர்

தில்லியில் நான் பாடம் எடுக்கும் பொறியியல் கல்லூரியில் இப்போது எல்லாமே ப்ராஜெக்ட்தான். மக்களின் நிஜப் பிரச்சினை ஒன்றைத் தீர்த்துக் காட்டினால் மதிப்பெண். பிரச்சினைக்கா பஞ்சம்? பக்கத்திலேயே தமிழர் குடிசைகள் இருக்கின்றன. மொழிபெயர்க்க நான் இருக்கிறேன்.

தண்ணீர் லாரி வரும் முனையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த முகம், வீட்டு வேலைக்குக் கிளம்பும் அவசரம். மாணவர்கள் கேமராவை எடுத்ததுமே, செருகியிருந்த முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"குடத்தோட நிக்கணுமா சார், குடம் இல்லாமயா?"

லாரி நெருங்குவதை ஃபோனில் அறிவிக்கும் கருவியை மாணவர்கள் கம்பத்தில் மாட்டினார்கள். லாரி வந்தது, ஃபோன் ஒலித்தது, எல்லோரும் கைதட்டினோம். பிறகு கருவியைக் கழற்றிப் பையில் வைத்தார்கள்.

"இந்த வாட்டியும் எடுத்துட்டுப் போறீங்களா?"

"காலேஜ் சாமான்மா. அடுத்த பேட்ச் பசங்களுக்கு வேணும்" என்றேன்.

"அச்சா. அப்ப எங்க தண்ணிக் கஷ்டமும் அப்படியே இருக்கட்டும் சார். அதுவும் அவங்களுக்கு வேணுமே."

அடுத்த ஆண்டு புது பேட்சோடு போனபோது, எங்களைத் துரத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். எங்களைக் கண்டதும் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு போய், அதே இடத்தில் நின்றார்.