இடது தோளைப் பிடித்தவன்

ஒரு மனிதனைத் தண்ணீருக்குள் முக்குவதற்குப் பெரிய பலம் தேவையில்லை. திரும்பத் தூக்குவதற்குத்தான் இரண்டு பேர் வேண்டும். ஞானஸ்நானத்தின்போது வலது பக்கம் பாஸ்டர் நிற்பார். இடது பக்கம் நிற்கிறவன் பேர் எந்த சர்டிபிகேட்டிலும் வராது. கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்ன சபையில் ஏழு வருஷம் அந்த இடது பக்கத்து ஆள் நான். உங்களிலும் சபை உதவியாளர்கள் இருப்பீர்கள். பாய் விரித்து, மைக் செட்டோடு மல்லுக்கட்டி, ஈர அங்கி பிழிந்து கை காய்த்துப் போனவர்களே, இந்தக் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

எங்கள் பாஸ்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர், தன்னால் அதிகம் கஷ்டப்பட்ட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அந்த ஆள் கரையில் நின்று, எல்லார் முன்னாலும் "சரி" என்று சொன்னால்தான் முழுக்கு. அவருக்கு நாங்கள் வைத்த பேர் கரைச்சாட்சி. "ஆண்டவர் மன்னிச்சிட்டாரு, அது அவரு பெருந்தன்மை. உன் பொண்டாட்டி என்னா சொல்றாங்க?" என்று பாஸ்டர் கேட்பார். கேட்டதும் பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள்.

அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் ஏழு வருஷம் ஒரு உண்மையை மறைத்தேன். அத்தனை பேரை முக்கித் தூக்கிய நான், ஞானஸ்நானம் எடுத்தவன் இல்லை.

தொட்டியில் இறங்கிய கதை

2004-ல் நான் சிதம்பரத்தில் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டிய நேரத்தைவிடக் குடித்த நேரம் ஜாஸ்தி. என் மனைவி செல்வி வீட்டிலேயே தையல் வேலை பார்த்தாள். ஒரு நாள் மத்தியானம், "பகல்லயே குடிச்சிட்டு வந்தா எப்படி?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதிலுக்கு நான் அவளுடைய தையல் மெஷினைத் தூக்கித் தெருவில் போட்டேன். அவள் மெஷினைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் போய் பஸ் ஏறினவன்தான். சுனாமி வந்த நேரம் கடலூரில் ஒரு சபைக்காரர்கள் பந்தல் போட்டுச் சோறு போட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தேன், அண்டா கழுவ நின்றேன், அங்கேயே தங்கிவிட்டேன். குடியும் அங்கேதான் விட்டது.

சுனாமிக்கு அப்புறம் கடலில் இறங்கி ஞானஸ்நானம் எடுக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. சபைக்குப் பின்னால் மார்பளவு ஆழத்தில் தொட்டி கட்டினோம். தண்ணீர் நிரப்புவது என் பொறுப்பு. முதல் நாளே, இடது பக்கம் நிற்க வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். "ஏழுமலை, நீ இறங்குப்பா" என்றார் பாஸ்டர். நான் வாயைத் திறப்பதற்குள் தொண்ணூறு கிலோ ஆசாமி ஒருவர் என் கையில் சாய்ந்துவிட்டார். விட்டால் மண்டை படியில் மோதும். பிடித்தேன். அன்றைக்கு எட்டுப் பேரைப் பிடித்தேன். கரையேறியதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நின்றேன். பாஸ்டர் வந்து முதுகில் தட்டிச் சொன்னார்: "நல்லா புடிக்கிறியேப்பா! உன்ன முக்குன பாஸ்டரு யாரோ, நல்லா கத்துக்குடுத்திருக்காரு."

ரெண்டு பல்லு

கஜேந்திரன் மீன் ஏலக்கூடத்தில் அடிதடிக்குப் பேர்போனவர். கரைச்சாட்சியாகத் தன் மச்சானைக் கூட்டி வந்தார். ஒரு கல்யாணப் பந்தியில் அந்த மச்சானின் முன்பல் இரண்டையும் உதிர்த்தது இவர் கைதான். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு, விருப்பமே இல்லாத குரலில் "சரி" என்றார்.

இறங்கியதும் அடுத்த சங்கடம். வெள்ளை அங்கிக்குள் காற்று புகுந்து உப்பிக்கொண்டது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்புகிறது. ஆள் மூழ்குவேனா என்கிறார். (வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை அங்கியின் அடிமடிப்பில் வைத்துத் தைக்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. குண்டு கொண்டுவந்து கொடுத்தவரும் கஜேந்திரன்தான்.) மூன்றாவது தடவை ஒரு வழியாக முழுசாக உள்ளே போய் வெளியே வந்தார். எல்லோரும் அல்லேலூயா சொன்னோம். மச்சான் மட்டும் கையைத் தூக்கினார்: "பாஸ்டர், போனது ரெண்டு பல்லு. இன்னொரு வாட்டி முக்குங்க."

ஏட்டையா தேடிய இடம்

மங்கா அக்கா பாண்டிச்சேரியிலிருந்து சரக்கு கடத்தி வந்து விற்றுக்கொண்டிருந்தவர். எல்லோரும் வீட்டு ஆளைக் கரைச்சாட்சியாகக் கூட்டி வருவார்கள். அக்கா கூட்டி வந்தது ரிட்டயர்டு ஏட்டு ஒருவரை. "என்னால ஜாஸ்தி கஷ்டப்பட்டவரு இவருதான் பாஸ்டர்" என்று அறிமுகம் செய்தார். அக்காவைத் துரத்தித் துரத்தியே தன் முட்டி தேய்ந்துபோனதாக ஏட்டும் ஒத்துக்கொண்டார். பிறகு பெரிய மனசோடு "சரி" சொன்னார்.

முக்கினோம். அக்கா எழுந்திருக்கவில்லை. தோளைத் தூக்கிப் பார்த்தேன், வரவில்லை. அடிப்படியைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்! பாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. கரையில் அழ ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சாவகாசமாக எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தப்பா நெனச்சிக்காதீங்க பாஸ்டர், கரையில காக்கிச் சட்ட ஞாபகம் வந்திடுச்சி, பழக்கதோஷம்" என்றார். ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார்: "அடிப்பாவி! கெடிலம் ஆத்துல இப்படித்தான் காணாம போனியா? நான் கரை பூரா தேடிகினு கெடந்தேனே!"

பஸ் டைம் தெரிந்த வயிற்றுவலி

இப்படி ஒவ்வொருவராக வந்து, அடிபட்டவர் முன்னால் நின்று, புது ஆளாகக் கரையேறிப் போவார்கள். நான் பழைய ஆளாகவே துண்டைப் பிழிந்து காயப்போடுவேன். தொட்டியில் நிற்கும்போது என் தலை மட்டும் நனையாமல் பார்த்துக்கொள்வேன். நனைந்துவிட்டால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும் என்று பயம். ஞானஸ்நானம் வேண்டுமென்றால் செல்வி வர வேண்டும். செல்வி வர வேண்டுமென்றால் நான் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். அதற்குத்தான் கால் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து பாஸ்டர் சிதம்பரத்தில் ஒரு ஜெபக்கூட்டம் ஆரம்பித்தார். வியாழக்கிழமை தோறும் நாலு மணி பஸ். மூன்றரைக்கு எனக்கு வயிறு வலிக்கும். பஸ் போன பிறகு நின்றுவிடும். இப்படி எத்தனையோ வியாழக்கிழமை. பாஸ்டரம்மா ஒரு நாள் ஓமவாட்டர் பாட்டிலை என் கையில் திணித்துச் சொன்னார்கள்: "உன் வயித்துவலிக்கு சிதம்பரம் பஸ் டைம் நல்லா தெரியுதுப்பா."

உப்பங்கழியில் வசமாக

சிதம்பரத்தில் ஏழு பேர் ஞானஸ்நானத்துக்குத் தயாரானார்கள். பிச்சாவரம் பக்கத்து உப்பங்கழியில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு. வேறு உதவியாளர் இல்லை. ஓமவாட்டரோடு என்னை வேனில் ஏற்றிவிட்டார்கள். சிதம்பரம் ஊருக்குள் நிற்கவில்லையே என்று நிம்மதியாக இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர், அடியில் சேறு. கால் கணுக்கால் வரை புதைந்துவிட்டது.

மூன்றாவதாக வந்தது லட்சுமி என்ற பெண். வாய்தான் அவருடைய பாவம். பக்கத்து வீட்டு டெய்லரம்மா தன் புருஷனைச் சோற்றில் விஷம் வைத்துக் கொன்றுவிட்டாள் என்று தெரு முழுக்கப் பரப்பியவர். அந்த டெய்லரம்மாவையே கரைச்சாட்சியாகக் கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறார். லட்சுமியின் இடது தோளைப் பிடித்துக்கொண்டு, யாருடா அந்தப் பாவப்பட்ட டெய்லர் என்று கரையை நிமிர்ந்து பார்த்தேன்.

செல்வி நின்றுகொண்டிருந்தாள். ஓடியிருப்பேன், சேறு விடவில்லை. "சரிதானேம்மா?" என்று பாஸ்டர் கேட்கிறார். அவள் பாஸ்டரைப் பார்க்கவே இல்லை. இடுப்பில் கை வைத்து என்னையே பார்த்தாள். பிறகு லட்சுமியிடம் சொன்னாள்: "ஊரு பூரா நான் கொன்னுட்டேன்னு சொன்னியே, அவருதான்டி ஒன் தோளப் புடிச்சிகினு நிக்கிறாரு. நல்லா பாத்துக்க."

நனையாத ஆள்

லட்சுமி ஒரு அலறல் அலறினார். ஆவி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. செல்வி அவருக்கு "சரி" சொன்ன பிறகு எப்படியோ முழுக்கு கொடுத்து, மீதி நாலு பேரையும் முடித்துக் கரையேறினோம். என்னைச் சேற்றிலிருந்து இழுக்க இரண்டு மீனவர்கள் வர வேண்டியிருந்தது. அங்கேயே, ஈரத்தோடு, எல்லாவற்றையும் பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். மெஷினை உடைத்தது, ஓடியது, ஞானஸ்நானம் எடுக்காதது எல்லாம். சொல்லி முடித்தபோது உடம்பு லேசாகிவிட்டது. அவமானமும் இருந்தது. செல்விதான் முதலில் பேசினாள்: "ஏழு வருசமா தண்ணியிலயே நின்னும் இன்னும் நனையலியா இந்த ஆளு?"

பாஸ்டர் அவளிடம் தயங்கித் தயங்கி, இவனுக்குக் கரைச்சாட்சியாக வருவாயா அம்மா என்று கேட்டார். அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடந்தாள். நாலு அடி போய்த் திரும்பினாள்: "ஒடச்ச மெஷினு மூலையிலதான் கெடக்கு. அது ஓடட்டும், அப்புறம் பாக்கலாம்."

கஜேந்திரனின் கவலை

விஷயம் எனக்கு முன்னால் கடலூர் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் கஜேந்திரன் சபை வாசலில் நிற்கிறார். அவருடைய பழைய கை எனக்கு ஞாபகம் வந்து, தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். முக்கினது நான், இவன் கைத்தாங்கல்தான், உன் ஞானஸ்நானத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று பாஸ்டர் அரை மணி நேரம் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தோளைத் தடவிக்கொண்டே கேட்டார் கஜேந்திரன்: "அப்ப என் எடது தோளு மட்டும் இன்னும் பழைய ஆளுதானா பாஸ்டர்?"

தூக்கிப் பிடிங்க

சனிக்கிழமை தோறும் சிதம்பரம் போனேன். வயிறு வலிக்கவில்லை. முதல் சனிக்கிழமை செல்வி வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை. மெஷினைத் தானே வாசலுக்கு இழுத்துவிட்டாள். சாக்கு போட்டு மூடி வைத்திருந்தாள். சக்கரம் உடைந்து, தலை கோணி, மிதி விரிசல் விட்டுக் கிடந்தது. இத்தனை வருஷம் அவள் இதைத் தினமும் பார்த்திருக்கிறாள். "தப்பு பண்ணிட்டேன் செல்வி" என்றேன். அவள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

கீழவீதிப் பக்கம் ஒரு மெஷின் ரிப்பேர்காரர். பழைய மாடல், சாமான் கிடைக்காது என்று நாலு சனிக்கிழமை இழுத்தடித்தார். ஒவ்வொரு தடவையும் மெஷினைத் தோளில் சுமந்துகொண்டு போய் வருவேன். ஒரு நாள் அவர், "இத போட்டு ஒடச்ச மகராசன் மட்டும் என் கையில கெடச்சான்..." என்று ஸ்பேனரை ஓங்கினார். "நான்தாங்க அது" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். ஸ்பேனர் மெதுவாக இறங்கியது. "அப்ப நல்லா தூக்கிப் புடிங்க, சக்கரத்த மாட்டணும்."

ஐந்தாவது சனிக்கிழமை மெஷின் ஓடியது. செல்வி எண்ணெய் விட்டு, நூல் கோத்து, அதில் முதல் தையலாக என் ஞானஸ்நான அங்கியைத் தைத்தாள். அடிமடிப்பில் வைக்க நான் நாலு ஈயக்குண்டு கொண்டுபோயிருந்தேன். எப்போதும் நாலுதான் கணக்கு. அவள் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எட்டு வேணும். இந்த ஆளுக்கு ஓடற பழக்கம் உண்டு."

பழைய பேர்

2012-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் நிரப்பிய தொட்டியில் நானே இறங்கினேன். வலது பக்கம் பாஸ்டர். இடது பக்கம் கஜேந்திரன். கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினார். கரையில் மங்கா அக்கா, லட்சுமி, முன்பல் இல்லாத மச்சான் எல்லோரும் நின்றார்கள். செல்வி முன்வரிசையில். "சரிதானேம்மா?" என்று கேட்டார் பாஸ்டர். எட்டுக் குண்டும் என்னைக் கீழே இழுத்தன. இப்போது "இல்லை" என்றாலும் அது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அவள் தலையாட்டி, "சரி" என்றாள். அழுதுவிட்டேன். தொட்டியில் நிற்கிறவன் அழுதால் யாருக்கும் தெரியாது, இந்த வேலையில் இருக்கிற ஒரே வசதி அது.

முக்கினார்கள். முதல் தடவையாகத் தலை நனைந்தது. எழுந்து மூச்சு வாங்கும்போது, பாஸ்டர் வழக்கம்போல, புது மனிதனுக்குப் புதுப் பேர் வைக்கலாமா என்று கேட்டார். ஆபிரகாம் என்றார் கஜேந்திரன். சீமோன் என்றார் மச்சான். கரையில் ஆளுக்கொரு பேர் கிளம்பியது. செல்வி துண்டை என் பக்கம் வீசிவிட்டுச் சொன்னாள்: "பழைய பேரே இருக்கட்டும் பாஸ்டர். திட்டறதுக்கு வாய்க்கு அதுதான் பழகியிருக்கு."

பாஸ்டர் என்னை முக்கி எடுத்தது ஒரே ஒரு தடவைதான். மீதியைத் தினம் காலையில் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே செல்வி பார்த்துக்கொள்கிறாள்.