இஞ்சினியர் மாப்பிள்ளையும் வாடிய தக்காளிச் செடியும்

நண்பர்களே, இது ஒருவரும் நம்பப்போகாத கதை. வெள்ளவத்தைக் கடல்மேல் சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்...

தின்னர் வாசம்!

களனியில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் நான் கெமிக்கல் இஞ்சினியராக ஆட்சி புரிந்த காலம். மாலையில் பஸ் ஏறினால் என் சட்டை வாசத்துக்கே பாதிச் சனம் இறங்கிவிடும். மீதிச் சனம் மயக்கத்திலேயே வெள்ளவத்தை வந்து சேரும். எனக்கு ஒருநாளும் சீட் கிடைக்காமல் போனதில்லை.

அந்த வாசத்தையும் பொறுத்துக்கொண்டு எனக்குப் பெண் தர ஒருவர் சம்மதித்திருந்தார். கொட்டாஞ்சேனைச் சாந்தியின் அப்பா. "இஞ்சினியர் மாப்பிள்ளை" என்று சந்தி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார், பாவம்.

அந்த நேரம் பார்த்து வேலையை விட்டேன்.

கிராண்ட்பாஸில் ஒரு ஹாஜியார், தேங்காய் மட்டையில் நார்த்தும்பு அடித்தெடுத்தபின் மிஞ்சும் தூளைக் கட்டியாக அமுக்கி வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். அங்கே மண்ணே இல்லாமல் அதில் செடி வளர்ப்பார்களாம். "குப்பைய காசு சல்லியாக்கப் போறம், வாங்க மகன்" என்றார். போய்விட்டேன்.

வருங்கால மாமா இடிந்துபோனார்.

"தம்பி, படிச்சது கெமிக்கல். விக்கப்போறது தும்புத்தூளோ?"

"மாமா, அதுவும் கெமிஸ்ட்ரிதான்..."

"அப்ப அதில ஒரு செடியை வளர்த்துக் காட்டும். செடியையே வாழவைக்க ஏலாத ஆள் என்ட பிள்ளையை எப்பிடி வாழவைக்கப்போறீர்? அதுக்குப் பிறகு கலியாணத்தைக் கதைப்பம்."

பையில் தூளை நிரப்பித் தக்காளி நட்டு, அவர் பல்கனியிலேயே வைத்தேன். தூளில் உப்பு இருக்கும் என்று தெரியும். அதனால் முன்கூட்டியே கழுவோ கழுவென்று கழுவி, வடிந்த தண்ணீரை உப்பளக்கும் மீட்டரில் பார்த்திருந்தேன். மகாவலி ஆறே வெட்கப்படும் சுத்தம்!

செடி வாடியது. இலை ஓரமெல்லாம் கருகி...

சாந்தி போனில் மெதுவாகச் சொன்னாள். "அப்பா அந்தச் செடியையே பார்த்துக்கொண்டு இருக்கிறார். அதுதான் பயமாக் கிடக்கு."

அப்போதுதான் பழைய தொழிற்சாலை கைகொடுத்தது. அங்கே தண்ணீரை மென்மையாக்கும் தொட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்த மணிகள் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உப்புக் கரைசல் ஊற்றினால்தான் விடும். தும்புத்தூள் அதற்குத் தலைகீழ்! உப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெறும் தண்ணீருக்கு மசியாமல் இருந்திருக்கிறது. கல்சிய உரம் கரைத்து ஊறவைத்தேன். உப்பு கழன்று வந்தது. திரும்பக் கழுவி, அதே பல்கனியில் இரண்டாவது செடியை நட்டேன்.

வளர்ந்தது பாருங்கள்... துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள் அதை வெளிச்சவீடு என்று நினைத்துத் திசை திரும்பின. முதல் பழத்தை இறக்கக் கிரேன் பிடித்தோம். மாமா கலியாணத்துக்கு நாள் பார்த்தார்.

இன்று அந்தக் கம்பனியை நடத்துவது நான்தான். ஏசி அறை, சூமில் தூரதேசத்து வாடிக்கையாளர்கள். உப்பு எவ்வளவு என்று லேபிலிருந்து போனுக்கு வந்துவிடும். ஒரு இலை நிமிர்ந்ததா என்று பார்க்கக் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறிப் போனவனை இப்போது எங்கே தேட...

மாமா காலமான பிறகு ஒருநாள் சாந்தி சொன்னாள்.

"அந்த ரெண்டாவது செடிக்கு விடிய எழும்பித் தண்ணி ஊத்தினது ஆர் எண்டு நினைக்கிறீங்கள்? அப்பாதான். உங்களிட்டச் சொல்லக்கூடாது எண்டவர்."

கப்பலையும் கிரேனையும் நம்பவேண்டாம். மாமா தண்ணீர் ஊற்றியது மட்டும் உண்மை.