ஆறரை அடிக் கயிறும் அபுதாபி மைதானமும்

போன மாதம் மதுரையிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். தன் கல்லூரி அணியை அபுதாபிக்கு அழைத்துப்போக எண்ணமாம், நான் முன்பே போனவன் என்று யாரோ சொன்னார்களாம், யோசனை கேட்டிருந்தார். போனேன் சார். 1997 பிப்ரவரியில், பேஸ்பால் அணியோடு. தூரம், நேரம், செலவு எல்லாம் பழைய டைரியைப் பார்த்து எழுதுகிறேன். ஆனால் அந்தப் பயணத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் யோசனையை மட்டும் சொல்வது நேர்மையில்லை. அது என்னால் நடந்தது.

எங்கள் கல்லூரி தூத்துக்குடிப் பக்கம், கடலுக்கு இரண்டு கிலோமீட்டரில் இருந்தது. கிரிக்கெட் அணியில் இடம் கிடைக்காதவர்கள்தான் பேஸ்பாலுக்கு வருவோம். அந்த வருஷம் பத்து ஆட்டம் ஆடினோம். சொந்த மைதானத்தில் ஆறு, ஆறிலும் வெற்றி. வெளியூரில் நான்கு, நான்கிலும் தோல்வி. "தண்ணி மாறுதுல்ல, உடம்பு ஒத்துக்காது" என்று எங்கள் பி.டி. மாஸ்டர் காரணம் சொன்னார். நாங்களும் வெளியூர் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினோம்.

வெற்றிக்கெல்லாம் காரணம் பிட்சர் செல்வராஜ். பேஸ்பாலில் பந்தை எறிபவனைத்தான் பிட்சர் என்பார்கள், பாதி ஆட்டம் அவன் கையில்தான் இருக்கும். சாத்தான்குளம் பக்கத்துப் பையன். அப்பா கிடையாது. அபுதாபியை அடுத்த முசஃபாவில் வெல்டராக இருந்த அண்ணன் பொன்ராஜ்தான் படிக்க வைத்தார். அணி ஜெயிக்கும்வரை செல்வராஜுக்கு விடுதியில் மெஸ் கட்டணம் வேண்டாம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். எனக்கு இரண்டாம் பேஸில் இடம். கூடவே ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் கோடு போடும் வேலையும் என்னுடையது. முடிச்சுப் போட்ட நைலான் கயிறு ஒன்று இருந்தது. ஒரு முனையை அடிப்பவன் நிற்கும் ஹோம் பிளேட்டில் மாட்டி இழுத்தால் முதல் முடிச்சு பிட்சர் நிற்கும் இடம், அடுத்தது பந்தை அடித்தவன் ஓடித் தொட வேண்டிய பேஸ். முடிச்சு விழும் இடத்தில் சுண்ணாம்புத் தூள் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. வந்து ஆடும் அணி அளந்து பார்க்காது. அந்தந்தக் கல்லூரி போட்ட கோடுதான் கோடு.

எங்களை அபுதாபிக்குக் கூப்பிட்டவர் ஜமால் காக்கா. கீழக்கரைக்காரர் (அண்ணனை அந்தப் பக்கம் காக்கா என்பார்கள்), எங்கள் கல்லூரியின் பழைய மாணவர், அபுதாபியில் துணிக்கடை வைத்திருந்தார். எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரர்கள் வெள்ளிக்கிழமைகளில் பேஸ்பால் ஆடுவதைப் பார்த்துவிட்டு, "எங்க காலேஜ்லயும் டீம் இருக்கு, பிட்சர் ஒருத்தன் இருக்கான் பாருங்க" என்று அளந்துவிட்டிருக்கிறார். அவர்களுடைய கோச் அங்கே ஒரு பள்ளிக்கூடத்திலும் விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குப் பந்து எறிந்து பழக்க உதவியாளர் ஒருவர் வேண்டும், உங்கள் பையனின் ஸ்கோர் புத்தகத்தோடு வாருங்கள், ஆட்டத்தையும் பார்த்துவிடுகிறேன் என்றிருக்கிறார். அதாவது எங்களுக்கு அது சுற்றுலா. செல்வராஜுக்கு வேலைக்கான பரீட்சை.

புதன்கிழமை அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி, திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் சேர ஆறு மணி நேரம் ஆனது. துபாய்க்கு விமானத்தில் நான்கு மணி நேரம். போகவர ஆளுக்குப் பதினாலாயிரம் ரூபாய், பாதியைக் காக்காவும் அவர் நண்பர்களும் ஏற்றுக்கொண்டார்கள். விசா காக்காவின் கஃபீல், அதாவது ஸ்பான்சர், கையெழுத்தில் வந்தது. அந்த அரபியை நாங்கள் பார்க்கவே இல்லை, இருந்தாலும் பன்னிரண்டு பேரும் மாஸ்டரும் அவர் பொறுப்பில்தான் இறங்கினோம்.

துபாயிலிருந்து அபுதாபி நூற்றைம்பது கிலோமீட்டர். வாடகை வேன் இருநூற்றைம்பது திர்ஹம், அப்போது ஒரு திர்ஹம் கிட்டத்தட்டப் பத்து ரூபாய். ஓட்டுநர் ஒரு பட்டாணியர். எங்கள் பேட் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "க்யா ஹை பாய், லடாய் கே லியே?" என்று கேட்டார். சண்டைக்கா வந்திருக்கிறீர்கள் என்கிறார். நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் "யல்லா, யல்லா" என்று ஏற்றிவிட்டார். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் காக்காவின் கடைக்கு மேலிருந்த அறைகளில் இறங்கினோம். குபூஸ் ரொட்டியும் பருப்பும் தயாராக இருந்தன.

வியாழக்கிழமை நானும் செல்வராஜும் முசஃபாவுக்குப் போனோம். ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான், ஷேர் டாக்ஸியில் ஆளுக்கு மூன்று திர்ஹம். போகிற வழியெல்லாம் கராஜ்கள், தகரம் வெட்டும் சத்தம். பொன்ராஜ் அண்ணன் டியூட்டி முடிந்து கருகிய சட்டையோடு தொழிலாளர் கேம்ப் வாசலுக்கு வந்தார். ரூமுக்குள் போனோம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆறு பேர். ஆறு கட்டிலும் இரண்டடுக்காகச் சுவரோடு ஒட்டியிருந்தன, நடுவில் நடக்க மட்டும் இடம். அந்த இடைவெளியில் ஏழாவதாக ஒரு கட்டில், புது மெத்தை, பாலிதீன் உறை பிரிக்கப்படவில்லை.

"இது யாருக்குண்ணே?" என்றேன்.

"தம்பிக்குத்தான். வேலை கெடைச்சா ஆரம்பத்துல இங்கனதான இருக்கணும். ரூம்ல எல்லார்ட்டயும் கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க" என்றார்.

செல்வராஜ் மெத்தையில் உட்காரவில்லை. அண்ணனின் கட்டில் ஓரத்தில்தான் உட்கார்ந்தான்.

வெள்ளி காலை ஆறேகாலுக்குக் கிளம்பி அரை மணி நேரத்தில் மைதானம் சேர்ந்தோம். எட்டு மணிக்கு ஆட்டம். ஜும்ஆ தொழுகைக்குள் முடித்துவிட வேண்டும் என்பது காக்காவின் நிபந்தனை. மைதானத்தில் ஒரு புல் கிடையாது. தண்ணீர் தெளித்து உருட்டி இறுக்கிய மணல், சுற்றிலும் கம்பி வேலி, பிளேட்டும் பேஸும் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருந்தன. பொன்ராஜ் அண்ணன் கேம்ப்பிலிருந்து இருபது பேரைக் கம்பெனி பஸ்ஸில் கூட்டி வந்திருந்தார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்களுக்குத் தூக்கம். அதையும் விட்டுவிட்டு வந்து வேலியோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் நான் என் புத்தியைக் காட்டினேன். கிட் பையிலிருந்து கயிற்றை எடுத்தேன். கோடு போடுபவன் கயிறு இல்லாமல் பயணம் போவானா? செல்வராஜ் பார்த்துவிட்டு வேகமாக வந்தான்.

"அத உள்ள வைடா. அவங்க கிரவுண்டு, அவங்க பாத்துக்கிடுவாங்க."

"சும்மா ஒரு தடவ பாக்கேன், என்ன இப்ப?" என்று சொல்லிக்கொண்டே ஹோம் பிளேட்டில் மாட்டி இழுத்தேன். என் முடிச்சு பிட்சர் நிற்கும் இடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு மணல் பாக்கி கிடந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! வெள்ளைக்காரனே தப்பாகப் போட்டு வைத்திருக்கிறான் என்று மாஸ்டரிடம் ஓடினேன். மாஸ்டரும் இழுத்துப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, காக்காவையும் கூட்டிக்கொண்டு கோச்சிடம் போய், உங்கள் மைதானம் நீளம், சரிசெய்தால்தான் ஆடுவோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

கோச் கோபப்படவில்லை. இரும்பு டேப் கொண்டுவரச் சொன்னார். எல்லார் முன்னாலும் அளந்தார்கள். அறுபது அடி ஆறு அங்குலம். விதிப் புத்தகத்தில் உள்ளதே அதுதான். அடுத்து அதே டேப்பை எங்கள் கயிற்றுக்குப் பக்கத்தில் விரித்தார்கள். ஐம்பத்து நான்கு அடி. ஆறரை அடி குறைவு. அடுத்த முடிச்சிலும் அதே ஆறரை அடி குறைவு.

"ஐம்பத்து நாலு அடி அவங்க ஸ்கூல்ல பதிமூணு வயசுப் பிள்ளைங்க எறியிற தூரமாம்" என்று காக்கா தமிழில் சொன்னார். அவர் குரலே இறங்கிவிட்டது.

நான் கயிற்றின் முனையைப் பார்த்தேன். உருக்கி ஒட்டிய கருப்பு நுனி. நைலான் பிரியாமலிருக்க மெழுகுவர்த்தியில் அதை உருக்கியவன் நான். ஜூலையில், சீசன் தொடங்கும் முன், செம்மண் பட்ட பேன்ட்டுகளைத் துவைத்துக் காயப்போட விடுதி அறையில் கொடி இல்லை. கட்டில் காலுக்கும் ஜன்னல் கம்பிக்கும் ஆறரை அடி தேவைப்பட்டது. கயிற்றின் வாலில் எவ்வளவோ மிச்சம் கிடக்கிறதே என்று வெட்டினேன். வால் பக்கம் என்று நினைத்து ஹோம் பிளேட் பக்கத்தை வெட்டிவிட்டேன். பிறகு மைதானத்தில் வளையத்தைக் காணாமல், அவிழ்ந்துவிட்டது என்று நினைத்து, வெட்டிய முனையிலேயே புது வளையம் போட்டு மாட்டினேன். அன்றிலிருந்து சொந்த மைதானத்தில் ஆடிய ஆறு ஆட்டமும் குழந்தைகள் மைதானத்தில் ஆடியது. அந்த அளவுக்குப் பழகியிருந்தவர்கள் நாங்கள் மட்டும்தான், வந்தவர்கள் தடுமாறித் தோற்றிருக்கிறார்கள். தண்ணீராவது, மாறுவதாவது!

கோச் ஸ்கோர் புத்தகத்தை வாங்கினார். முதல் ஆறு பக்கத்தையும் புரட்டினார். அத்தனையும் உள்ளூர் வெற்றி. மூடினார், காக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். வேலியோரம் இருந்தவர்களுக்கு என்ன நடக்கிறதென்று புரியவில்லை. பொன்ராஜ் அண்ணன் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

எட்டேகாலுக்கு ஆட்டம் தொடங்கியது. செல்வராஜ் திணறிப் போவான் என்று நினைத்து நான் தரையைப் பார்த்து நின்றேன். அவன் திணறவே இல்லை. முதல் பந்தே நேராக விழுந்தது. ஏழு இன்னிங்ஸில் எட்டுப் பேரை மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாக்கி அனுப்பினான். திணறியது நாங்கள்தான். ஒவ்வொரு பேஸுக்கும் இரண்டு எட்டு பிந்தினோம். ஐந்துக்கு மூன்று என்று தோற்றோம். பதினொன்றரைக்கு எல்லாம் கலாஸ்.

கோச் செல்வராஜின் கையைக் குலுக்கினார். பிறகு காக்காவைத் தனியே கூட்டிப்போனார். திரும்பி வந்த காக்கா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பையன் நல்லா எறியிறான், ஆனா புஸ்தகமே பொய்யா இருக்கு, பிள்ளைங்கள எப்படி நம்பி ஒப்படைக்கிறதுன்னு கேக்குறான் தம்பி. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

செல்வராஜ் "சரி காக்கா" என்று மட்டும் சொன்னான்.

மதியம் பொன்ராஜ் அண்ணன் எங்கள் இருவரையும் கேம்ப்புக்குக் கூட்டிப் போனார். பிரியாணி வாங்கி வைத்திருந்தார். வேலை இல்லை என்று அவருக்குப் பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது. "விடுங்கடே, சாப்பிடுங்க" என்று அவரே பரிமாறினார். அவர் ஒரு வாய்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வெளியே வந்து உட்கார்ந்தோம். வெள்ளிக்கிழமை அங்கே துவைக்கும் நாள். ஒரு ரூமிலிருந்து எதிர் ரூம்வரை கயிறு கட்டி, கேம்ப் முழுக்க நீலச் சட்டைகள் தொங்கின. என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"செல்வம், கயித்த வெட்டுனது நான்தான்டா. துணி காயப்போட" என்றேன்.

"தெரியும்" என்றான்.

எப்படி என்று கேட்டேன். முதல் வெளியூர் ஆட்டத்தில் பந்து முன்னாலேயே விழ, அவன் எட்டு வைத்து அளந்து பார்த்திருக்கிறான். விடுதிக்கு வந்ததும் என் அறைக் கொடி அவன் கண்ணில் பட்டிருக்கிறது. அதன் பிறகு தினமும் காலையில் விடுதிக்குப் பின்னால் சரியான தூரத்தில் நின்று தனியாக எறிந்திருக்கிறான்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா மாஸ்டர் உன்ன டீமை விட்டே தூக்கியிருப்பாரு. எனக்கும் மெஸ்ஸு போயிருக்கும். அதான் நம்ம எறியிற தூரத்த நாமளே சரிபண்ணிக்கிடுவோம்னு விட்டுட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினான். "எல்லாம் சரியாத்தானடா போச்சு. நீ எதுக்குடா அந்தக் கயித்த எடுத்துட்டு வந்த?"

 

திரும்பும் விமானத்தில் ஸ்கோர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். கோச் பார்க்காமல் விட்ட கடைசி நான்கு பக்கங்கள், வெளியூரில் நாங்கள் தோற்ற ஆட்டங்கள். சரியான அளவு மைதானங்கள் அவைதான். செல்வராஜ் முதல் ஆட்டத்தில் இரண்டு பேரை ஸ்ட்ரைக்கில் வெளியேற்றியிருந்தான். அடுத்ததில் நான்கு, பிறகு ஏழு, கடைசியில் ஒன்பது. தோல்விக் கணக்கு என்று நாங்களே பின்னால் தள்ளி வைத்திருந்தோம். அதைத்தான் முதலில் காட்டியிருக்க வேண்டும்.

மதுரை ஆசிரியருக்கு: பிப்ரவரியில் போங்கள், வெயில் தாங்கும். காலை ஆட்டமாகக் கேளுங்கள். நான் எழுதிய விலைகளை நம்பாதீர்கள், எல்லாம் பழையவை. விசாவுக்கு ஒரு மாதம் முன்பே ஓடத் தொடங்குங்கள். கிளம்புவதற்கு முன் உங்கள் மைதானத்தை இரும்பு டேப்பில் அளந்துவிடுங்கள், கயிற்றில் வேண்டாம். பையன்களில் யாராவது "அத உள்ள வை" என்று சொன்னால், ஏன் என்று அங்கேயே கேளுங்கள்.

இரண்டு வருஷம் கழித்து செல்வராஜ் முசஃபாவுக்கே போனான், அண்ணன் வேலை பார்த்த கராஜில் ஹெல்பராக. அந்த ஏழாவது கட்டிலை அதுவரை யாருக்கும் கொடுக்கவில்லையாம். "பாலிதீன் உறைய நான்தான் பிரிச்சேன்" என்று எனக்கு எழுதியிருந்தான்.